48 கணுக்களுக்கு ஒரு நிறுவல் கருவி: எஃப்.ஏ.ஐ. மதிப்புரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ள 48 கணுக்கள் (ஒன்றாக இணைத்து இயக்கும் தனிக் கணினிகள்) கொண்ட லினக்ஸ் கிளஸ்டரை நான் பராமரித்து வருகிறேன். அவற்றுள் 32 கணுக்கள் பழைய பயாஸ் முறையில் துவங்குபவை. பின்னர் வாங்கிய 16 கணுக்கள் யூஇஎஃப்ஐ முறையில் துவங்குபவை. பயாஸும் யூஇஎஃப்ஐயும் கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்கள். எல்லாவற்றிலும் டெபியன் என்னும் லினக்ஸ் வகை ஓடுகிறது. எல்லாவற்றிலும் அதை நிறுவுவது எஃப்.ஏ.ஐ. என்னும் முழுத் தானியங்கி நிறுவல் கருவி. கடந்த மூன்று ஆண்டுகளில், அது தடையின்றி ஓடிய நாட்களில் அதைப் பற்றி நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பாதியில் நின்ற நாட்களில்தான் அதன் தன்மை எனக்குப் புரிந்தது. ஆகவே இந்த மதிப்புரை, நிறுவல் எங்கெங்கே தடைபடுகிறது, தடைபடும்போது இக்கருவி நமக்கு எவ்வளவு துணை நிற்கிறது என்ற கேள்வியை ஒட்டியே அமையும்.

முதலில் சுருக்கமாக அறிமுகம். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் ஒரு கிளஸ்டரை நிறுவ வேண்டிய தேவையிலிருந்து, தாமஸ் லாங்கே என்பவர் 1999இல் எஃப்.ஏ.ஐ.யைத் தொடங்கினார். இன்றும் அவரே அதை முன்னின்று வளர்த்து வருகிறார். இது கட்டற்ற மென்பொருள். டெபியனுக்காகப் பிறந்தது என்றாலும் உபுண்டு முதலிய பிற லினக்ஸ் வகைகளையும் இதைக் கொண்டு நிறுவ முடியும். மியூனிக் நகராட்சி தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய லிமக்ஸ் திட்டத்திலும் இக்கருவிதான் பயன்பட்டது. இதன் பெரும்பகுதி ஷெல் ஸ்கிரிப்டுகளாலும் பெர்ல் நிரல்களாலும் ஆனது. இது ஒரு சிறு தகவல் போலத் தோன்றலாம். ஆனால் நள்ளிரவில் ஒரு பிழையைத் தேடும்போது, கருவியின் மூலநிரலைத் திறந்து, அது என்ன செய்ய முயன்றது என்பதை வரி வரியாக வாசிக்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

இது வேலை செய்யும் முறை எளிது. கணுவை இயக்கியதும் அதன் நெட்வொர்க் கார்டில் உள்ள, நெட்வொர்க் வழியே துவங்க உதவும் பிஎக்ஸ்இ நிரல், முகவரி வழங்கும் சேவையான டிஎச்சிபி வழியாக முகவரி கேட்கிறது. கிடைத்த முகவரியோடு, எந்தக் கோப்பை எங்கிருந்து எடுப்பது என்ற தகவலும் வருகிறது. டிஎஃப்டிபி என்னும் எளிய கோப்பு மாற்ற முறை வழியாகத் துவக்க நிரலும், பின் லினக்ஸின் மையமான கர்னலும், அது தொடக்கத்தில் பயன்படுத்தும் சிறு கோப்புத் தொகுதியான தொடக்க நினைவக வட்டும் இறங்குகின்றன. அந்தக் கர்னல் நிறுவல் சர்வரிலிருந்து ஒரு முழு டெபியன் அமைப்பை என்எஃப்எஸ் என்னும் நெட்வொர்க் கோப்பு முறை மூலம் தன் வேர்க் கோப்பகமாக ஏற்றிக்கொள்கிறது. அதன் பிறகுதான் எஃப்.ஏ.ஐ. விழித்துக்கொள்கிறது. கணு எந்தெந்த வகுப்புகளை (ஒரே அமைவைப் பெறும் கணுக்களின் குழுக்களை) சேர்ந்தது என்று தீர்மானித்து, வட்டைப் பிரித்து, அடிப்படை அமைப்பை விரித்து, மென்பொருள் தொகுப்புகளை நிறுவி, அமைவு ஸ்கிரிப்டுகளை ஓட்டி, பதிவுக் கோப்புகளைச் சேமித்து, மறுதுவக்கம் செய்கிறது. ஒவ்வொரு படியும் தனித்தனிப் பெயர் கொண்ட பணியாக இருப்பதால், எந்தப் பணியில் நின்றது என்பதைத் திரையைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

ஆனால் என் அனுபவத்தில், நிறுவல் தோல்விகளில் பெரும்பாலானவை எஃப்.ஏ.ஐ. விழிப்பதற்கு முந்தைய முதல் இரண்டு நிமிடங்களிலேயே நிகழ்கின்றன. அந்த இரண்டு நிமிடங்களில் இக்கருவியால் எதையும் பார்க்கவும் முடியாது, எதையும் எழுதிவைக்கவும் முடியாது. இதை வாங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று சொல்ல இது விலைக்கு வரும் பொருள் அல்ல. ஆயினும் இதில் நேரத்தைச் செலவிடத் துணிபவர்கள் இதை முதலிலேயே அறிந்திருப்பது நல்லது.

அந்தக் கட்டத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே சான்று, திரையில் ஓரிரு நொடிகள் நிற்கும் பிஎக்ஸ்இ பிழை எண்தான். இ51 என்றால் டிஎச்சிபி சர்வர் எதுவும் பதில் தரவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்தது, துவக்கக் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் கோப்பின் பெயர் கிடைத்தது, ஆனால் டிஎஃப்டிபி சர்வர் பேசவில்லை; பெரும்பாலும் அந்தச் சேவை ஓடாமல் இருக்கும், அல்லது 69ஆம் போர்ட்டை ஃபயர்வால் மறித்திருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, சர்வரில் நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, கணுவின் கோரிக்கை வந்து சேர்கிறதா, பதில் திரும்பிச் செல்கிறதா என்று கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

எங்களை மிக நீண்ட நாட்கள் அலைக்கழித்த ஒரு கோளாறை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் பலர் கருவியைக் குறை கூறிவிட்டு விலகிச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். 48 கணுக்களையும் ஒரே நேரத்தில் துவக்கினால், சில கணுக்கள் இ51 பிழையோடு நின்றன. சில கர்னல் வரை வந்து, அதன் பிறகு முகவரி கிடைக்காமல் நின்றன. சில எந்தத் தடையுமின்றி நிறுவப்பட்டன. மறுமுறை துவக்கினால் வேறு சில கணுக்கள் நின்றன. கேபிளை மாற்றினோம், டிஎச்சிபி அமைவை மாற்றினோம், எதுவும் பலிக்கவில்லை. காரணம் ஸ்விட்சில் இருந்தது. நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்கும் ஒரு போர்ட்டில் இணைப்பு உயிர்பெற்றதும், அந்தப் போர்ட் கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி என மொத்தம் 30 நொடிகள் எந்தத் தரவையும் கடத்தாது. பிஎக்ஸ்இ விதிமுறைப்படி கணு தன் டிஎச்சிபி கோரிக்கையை நான்கு முறை அனுப்பும். ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் 4, 8, 16, 32 நொடிகள் என்று இரட்டிக்கும். அதாவது நான்காவது, இறுதிக் கோரிக்கை, முதல் கோரிக்கையிலிருந்து 28ஆம் நொடியில் கிளம்புகிறது. போர்ட் திறப்பதோ இணைப்பு உயிர்பெற்ற 30ஆம் நொடியில். இணைப்பு உயிர்பெற்றதற்கும் முதல் கோரிக்கை கிளம்பியதற்கும் இடையே மூன்று நொடி இடைவெளி இருந்தால் கணு தப்பிக்கும். ஒரு நொடிதான் இருந்தால் மாட்டிக்கொள்ளும். ஒரே மாதிரியான கணுக்கள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டதன் மர்மம் இவ்வளவுதான். தப்பித்த கணுக்களுக்கும் இன்னொரு சோதனை காத்திருந்தது: கர்னலின் டிரைவர் ஏறும்போது கார்டை ஒருமுறை மீட்டமைப்பதால் இணைப்பு அறுந்து மீண்டும் உயிர்பெறுகிறது, ஸ்விட்ச் அந்த 30 நொடிக் கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறது. கணுக்கள் இணைந்த போர்ட்டுகள் அனைத்தையும் விளிம்புப் போர்ட்டுகள் (இந்தக் காத்திருப்பு இல்லாமல் உடனே திறப்பவை) என்று ஸ்விட்சில் அறிவித்ததும், இரண்டு வாரங்களாகத் தீராத கோளாறு அன்று மாலையே தீர்ந்தது. எஃப்.ஏ.ஐ.யில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கர்னல் வரை வந்து நின்றுபோவதற்கு இன்னும் இரு காரணங்கள் உண்டு. ஒன்று, நெட்வொர்க் கார்டுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் என்எஃப்எஸ் வேர்க் கோப்பகத்திலும் தொடக்க நினைவக வட்டிலும் இல்லாமல் இருப்பது. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை டெபியன் நெடுங்காலம் தன் வழக்கமான நிறுவல் ஊடகங்களில் சேர்க்காமல் இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்துதான் அதற்கெனத் தனிப் பிரிவு அமைந்து நிலைமை மாறியது. பழைய அமைவைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள், அந்தப் பிரிவைத் தங்கள் களஞ்சியப் பட்டியலில் (தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியலில்) சேர்த்து, தேவையான ஃபர்ம்வேர் தொகுப்பை வேர்க் கோப்பகத்தின் பட்டியலிலும் எழுதி, அதை மீண்டும் உருவாக்க வேண்டும். மற்றொன்று, ஒரு கணுவில் இரண்டு அல்லது நான்கு நெட்வொர்க் போர்ட்டுகள் இருக்கும்போது, பிஎக்ஸ்இ பயன்படுத்திய போர்ட்டை விட்டுவிட்டுக் கர்னல் வேறொரு போர்ட்டில் முகவரி கேட்பது. எந்தக் கார்டின் வழியே துவங்கினோம் என்ற தகவலைத் துவக்க நிரல் கர்னலுக்குக் கடத்தும்படி அமைத்துவிட்டால் இது தீரும்.

யூஇஎஃப்ஐ பற்றியும் சொல்ல வேண்டும். புதிய 16 கணுக்கள் வந்தபோது, பயாஸ் கணுக்களுக்கு வைத்திருந்த அதே துவக்கக் கோப்பை அவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றன. டிஎச்சிபி கோரிக்கையின் 93ஆம் விருப்பத்தில் கணு தன் கட்டமைப்பைச் சொல்கிறது; 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அதைப் பார்த்து இருவகைக் கோப்புகளில் ஒன்றைத் தரும்படி டிஎச்சிபி சர்வரை அமைப்பது நம் பொறுப்பு. செக்யூர் பூட் இயங்கும் நிலையில் இருந்தால், கையொப்பமில்லாத துவக்க நிரலை அது ஏற்காது. எஃப்.ஏ.ஐ.யின் கையேடு இவற்றைத் தொட்டுச் செல்கிறதே தவிர, முதன்முறை அமைப்பவருக்குப் போதுமான அளவு விளக்கவில்லை என்பது என் குறை.

இனி, எஃப்.ஏ.ஐ. விழித்துக்கொண்ட பிறகான கதை. இங்கிருந்து என் மதிப்பீடு முற்றிலும் மாறுகிறது. நிறுவல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணுவுக்குள் தொலைவிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக நுழைய ஒரு கொடி (அமைவில் எழுதும் ஒரு சொல்) போதும்; கணுவின் முன் அமர்ந்திருப்பவருக்குக் கூடுதல் திரைகளில் ஷெல் தர மற்றொரு கொடி போதும். நிறுவல் நின்றுபோன அதே கணத்தில், அதே சூழலுக்குள் புகுந்து, வட்டுகள் எப்படித் தெரிகின்றன, மாறிகளின் மதிப்பு என்ன, எந்தக் கட்டளை தோற்றது என்று பார்த்துவிடலாம். பதிவுக் கோப்புகளும் பணிவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: வட்டுப் பிரிப்புக்கு ஒன்று, தொகுப்பு நிறுவலுக்கு ஒன்று, நம் ஸ்கிரிப்டுகளின் வெளியீட்டுக்கு ஒன்று. இவை அனைத்திலிருந்தும் பிழை போலத் தோன்றும் வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்துத் தனியொரு கோப்பும் உருவாகிறது. நிறுவல் முடிந்ததும் இவை கணுவின் வட்டிலும், நாம் விரும்பினால் சர்வரிலும், தேதியிட்ட கோப்பகங்களில் சேமிக்கப்படுகின்றன. ஆறு மாதத்துக்கு முன் நடந்த நிறுவலையும் இன்றைய நிறுவலையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிவது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பழைய கணு ஒன்றில் தொகுப்புகள் எதுவுமே நிறுவப்படவில்லை. பட்டியலில் உள்ள அத்தனை தொகுப்புகளும் இல்லாதவை என்று பிழைக் கோப்பு சொன்னது. அதே பட்டியல் மற்ற 47 கணுக்களிலும் ஒழுங்காக நிறுவப்பட்டிருந்தது. தொகுப்பு நிறுவலின் பதிவைச் சற்று மேலே சென்று வாசித்தபோது, களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகும் காலத்தை அடையவில்லை என்று டெபியனின் தொகுப்பு மேலாளரான ஏபிடி மறுத்திருந்தது தெரிந்தது. கணுவின் மதர்போர்டில் இருந்த பேட்டரி தீர்ந்து, அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. நேற்று கையொப்பமிட்ட கோப்பு அதற்கு எதிர்காலக் கோப்பாகத் தோன்றியது. பேட்டரியை மாற்றியதோடு, களஞ்சியத்தைத் தொடும் முன்பே சர்வரின் நேரத்தைப் பெற்றுக் கடிகாரத்தைத் திருத்தும் ஒரு ஹுக்கையும் எழுதி வைத்தேன். எந்தப் பணிக்கு முன்பும், எந்த வகுப்புக்கும், நம் சொந்த ஸ்கிரிப்டை இப்படிச் செருக முடிவது எஃப்.ஏ.ஐ.யின் மிகச் சிறந்த வடிவமைப்பு என்று கருதுகிறேன். கருவியைத் திருத்தாமலேயே அதன் நடத்தையைத் திருத்தலாம்.

வட்டுப் பிரிப்பில் மட்டும் இக்கருவி நம்மை அளவுக்கு மீறி நம்புகிறது. அமைவுக் கோப்பில் முதல் வட்டு என்று எழுதினால், அந்த நேரத்தில் பட்டியலில் எது முதலாவதாக இருக்கிறதோ அதையே பிரிக்கிறது, எதையும் கேட்பதில்லை. இன்றைய கர்னல்கள் வட்டுகளை ஒரே சமயத்தில் தேடுவதால் வரிசை மாறக்கூடும். தொலைநிலை மேலாண்மைச் சில்லு ஒரு போலி யூஎஸ்பி வட்டைக் காட்டினால் அதுவும் வரிசையில் முன்னே வந்து நிற்கும். எங்களிடம் ஒரு கணுவில் வரிசை இப்படி மாறி, ஒரு மாணவரின் இடைநிலைக் கணக்கீடுகள் இருந்த இரண்டாவது வட்டு அழிந்தது. அவர் அவற்றை மீண்டும் கணக்கிட ஒன்பது நாட்கள் ஆயின. தவறு என்னுடையது, வட்டுப் பட்டியலைக் கொள்ளளவை வைத்து வரிசைப்படுத்தும் வசதி ஏற்கெனவே இருந்தது, நான்தான் பயன்படுத்தவில்லை. குறிப்பிட்ட வட்டுப் பிரிவுகளை மறுநிறுவலின்போது அழிக்காமல் காக்கும் விருப்பமும் இதில் உண்டு. ஆனாலும், வட்டின் கொள்ளளவோ தொடரெண்ணோ எதிர்பார்த்தபடி இல்லையென்றால் நின்றுவிடுவதையே ஒரு நிறுவல் கருவி தன் இயல்பான நடத்தையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு, எல்விஎம் முறைகளின் பழைய அடையாளங்கள் எஞ்சியிருக்கும் வட்டுகளிலும் பிரிப்பு நிரல் தடுமாறுகிறது. கர்னல் அவற்றைத் தானே ஒன்றிணைத்துவிடுவதால், வட்டு பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும். பிரிப்புப் பணிக்கு முன் அந்த அடையாளங்களைத் துடைக்கும் ஹுக் ஒன்று எங்களிடம் இப்போது நிரந்தரமாக இருக்கிறது.

வகுப்புகளைப் பொறுத்தவரை ஒரு விதியை மனத்தில் இருத்தினால் போதும்: பின்னால் வரும் வகுப்புக்கே முன்னுரிமை. வட்டு அமைவும் நகலெடுக்கப்படும் கோப்பும் மிக உயர்ந்த முன்னுரிமை கொண்ட ஒரே வகுப்பிலிருந்து எடுக்கப்படும்; தொகுப்புப் பட்டியலோ எல்லா வகுப்புகளிலிருந்தும் சேர்க்கப்படும். இந்த வேறுபாட்டை அறியாதவரை, எழுதிய அமைவு ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்று திகைத்துக்கொண்டே இருப்போம். வகுப்பின் பெயரில் இடைக்கோடு இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளவும்.

எல்லாக் கணுக்களையும் ஒரே நேரத்தில் நிறுவும்போது வேறுவகைச் சிக்கல்கள் எழுகின்றன. எங்கள் சர்வரில் என்எஃப்எஸ் சேவை இயல்பாக 8 இழைகளோடு ஓடியது 48 கணுக்களுக்குப் போதவில்லை, அதைக் கூட்டினோம். தொகுப்புகளை ஒவ்வொரு கணுவும் இணையத்திலிருந்து தனித்தனியே இறக்கினால் வெளி இணைப்பு திணறும் என்பதால், ஏபிடி-கேச்சர்-என்ஜியைச் சர்வரில் அமைத்தோம். முதல் கணு இறக்கியதை மற்றவை உள்ளூரிலிருந்தே பெறுகின்றன. அதன் பிறகு மொத்த வேகமும் சர்வரின் ஒரு கிகாபிட் இணைப்பைப் பொறுத்ததாகிவிட்டது. இப்போது 12 கணுக்களாகப் பிரித்து, நான்கு சுற்றுகளில் நிறுவுகிறோம்.

நிறுவல் முடிந்த கணு மறுதுவக்கத்தில் மீண்டும் நெட்வொர்க் வழியே துவங்கி, மீண்டும் தன்னை நிறுவிக்கொண்டு, இப்படியே முடிவின்றிச் சுழல்வது தொடக்கக்காரர்கள் அனைவரும் காணும் காட்சி. கணு தன் நிலையைச் சர்வரில் 4711ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் கண்காணிப்பு நிரலுக்குச் சொல்லும். அந்நிரல் வெற்றிச் செய்தி கிடைத்ததும் அக்கணுவின் துவக்க அமைவை நீக்கி, உள்வட்டிலிருந்து துவங்க வழிவிடும். அந்நிரல் ஓடவில்லை என்றாலோ, இடையில் ஃபயர்வால் நின்றாலோ சுழற்சி தொடரும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சர்வரை மறுதுவக்கம் செய்துவிட்டு அந்நிரலை இயக்க மறந்ததால், திங்கள் காலை வரை நான்கு கணுக்கள் தங்களை ஓயாமல் நிறுவிக்கொண்டிருந்தன. அன்றே அதைத் துவக்கத்தில் தானாக இயங்கும் சேவையாக மாற்றினேன்.

பிற கருவிகளோடு ஒப்பிட்டால், சான் டியேகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில் 2000இல் தொடங்கிய ராக்ஸ் என்னும் கிளஸ்டர் நிறுவல் கருவி இந்தத் துறையில் பலருக்கும் முதல் ஆசானாக இருந்தது. புதிய கணு கேட்கும் டிஎச்சிபி கோரிக்கையைக் கவனித்துத் தானே பெயரிட்டுப் பதிந்துகொள்ளும் அதன் வசதிக்கு இணையான ஒன்று எஃப்.ஏ.ஐ.யில் இல்லை. நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரிகள் 48ஐயும் நாமே திரட்டி டிஎச்சிபி அமைவில் எழுத வேண்டியிருக்கிறது; கணுவின் பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரி பல நேரங்களில் மேலாண்மைச் சில்லுடையதே தவிர நெட்வொர்க் கார்டுடையது அல்ல என்பதால், ஒட்டுச்சீட்டை நம்பாமல் டிசிபிடம்ப்பில் பார்த்து எழுதுவதே சரி. ஆனால் ராக்ஸின் 7ஆம் பதிப்பு சென்ட்ஓஎஸ் 7 என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. வட்டில் எதையும் நிறுவாமல், ஒரே படிமத்தை எல்லாக் கணுக்களின் நினைவகத்திலும் ஏற்றும் வேர்வுல்ஃப் முற்றிலும் வேறு வழி. வட்டில்லாக் கணுக்களுக்கும், அடிக்கடி படிமம் மாறும் கிளஸ்டர்களுக்கும் அது இன்னும் பொருத்தமானது. ரெட் ஹாட் குடும்பத்தைச் சார்ந்தவர்களுக்கு அதன் நிறுவல் நிரலான அனகோண்டாவின் கிக்ஸ்டார்ட் என்னும் தானியங்கி நிறுவல் முறை இயல்பான தேர்வு. ஆனால் அதில் நிறுவல் நடுவே தோற்றால், எங்கே தோற்றது என்பதை எஃப்.ஏ.ஐ. அளவுக்குத் தெளிவாக அறிய முடிந்ததில்லை என்பது என் அனுபவம்.

டெபியன் கணுக்கள் இருபதுக்கு மேல் வைத்திருப்பவர்களும், ஷெல் ஸ்கிரிப்டுகளை வாசிக்கத் தயங்காதவர்களும் எஃப்.ஏ.ஐ.யைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம். நான்கைந்து கணினிகள் மட்டுமே உள்ளவர்களுக்கு அதன் அமைவுக்குச் செலவாகும் முதல் வாரம் வீண் உழைப்பாகவே முடியும். தொடங்குபவர்கள் முதல் நாளில் எஃப்.ஏ.ஐ.யைத் தொடாமல், ஸ்விட்சின் போர்ட் அமைவையும் டிஎச்சிபி பதிலையும் சரிபார்த்து, தேவையற்ற தரவு மட்டுமே உள்ள ஒரு கணுவில் மூன்று முறை முழு நிறுவலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு இரண்டாவது கணுவின் மின்விசையைப் போடட்டும்.